கிணத்து நீச்சலும் குண்டலிகா ஆறும்

இன்னைக்கு ஒயிட் வாட்டர் ராஃப்டிங் பத்திப் பேசப் போறோம். திண்டுக்கல்காரன் ராஃப்டிங் பத்திப் பேசுறதே ஒரு காமெடிதான், ஒத்துக்கிறேன். நம்ம குடகனாத்துல ராஃப்ட் விடணும்னா வருஷத்துல முக்கால்வாசி நாள் முதல்ல லாரியில தண்ணி கொண்டுவந்து ஊத்தணும். ஆனா இன்ஸ்டாகிராமைத் திறந்தா கூடப் படிச்சவங்கள்ல பாதிப்பேர் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமா நிக்கிறாங்க. ரிஷிகேஷ், தாண்டேலி, குடகுன்னு டூர் போட்டுட்டு வர்றாங்க. அதனால இது நம்ம ஊர் விஷயமும்தான்.

நான் போனது கோலாட். மகாராஷ்டிராவுல ராய்கட் மாவட்டம், மும்பை – கோவா நெடுஞ்சாலையில இருக்கிற ஒரு சின்ன ஊர். அங்க ஓடுறது குண்டலிகா ஆறு. சஹ்யாத்ரி மலையில பிறந்து, ரோஹா வழியா ஓடி, ரேவ்தண்டா பக்கத்துல அரபிக்கடல்ல சேருது. நீளமான ஆறு எல்லாம் இல்லை. ரெண்டு பக்கமும் பச்சை மலை, நடுவுல பாறை, மரம் கவிஞ்சு நிக்கிற கரை. மழைக்காலத்துல போனீங்கன்னா மலைமேல இருந்து வெள்ளை வெள்ளையா அருவி இறங்குறது தெரியும். போட்டோல பார்க்கிறதை விட நேர்ல அழகு, அதுல சந்தேகமே இல்லை.

இந்த ஆத்துல ஒரு விசேஷம் இருக்கு. காலையில சீக்கிரமே போய்க் கரையில நின்னா, ராஃப்டிங்கா, இங்கயான்னு கேட்கத் தோணும். பாறை எல்லாம் வெளிய தெரியும், தண்ணி அங்கங்க தேங்கி நிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு ஆறு ஏற ஆரம்பிக்கும். வானத்துல மேகமே இல்லாத நாள்லயும் ஏறும். ஏன்னா அது மழைத் தண்ணி இல்லை, கரன்ட் எடுத்து முடிச்ச தண்ணி.

கதை இதுதான். மலைக்கு அந்தப் பக்கம், புனே மாவட்டத்துல, முளா ஆத்துக்குக் குறுக்க முல்ஷி அணை இருக்கு. முளா இயற்கையா கிழக்க ஓடுற ஆறு. பீமாவுல கலந்து, கிருஷ்ணாவுல கலந்து, வங்காள விரிகுடாவுக்குப் போகணும். அந்தத் தண்ணியை டாடா கம்பெனி மலையில துளை போட்டு மேற்குப் பக்கமாத் திருப்பி, பெரிய பெரிய இரும்புக் குழாய் வழியா பல நூறு மீட்டர் கீழ இறக்கி, அடிவாரத்துல பீரான்னு ஒரு ஊர்ல டர்பைனைச் சுத்த வைக்குது. 1927-ல ஓட ஆரம்பிச்ச நிலையம். மும்பைக்குக் கரன்ட். டர்பைனை விட்டு வெளிய வர்ற தண்ணிதான் குண்டலிகாவுல இறங்குது. அதுலதான் நாம துடுப்புப் போடுறோம். கோடையிலயும் அங்க ராஃப்டிங் நடக்குறதுக்குக் காரணம் இந்தத் தண்ணிதான்.

புனேல இருந்து தாம்ஹிணி காட் வழியாப் போனா இதை முழுசாப் பார்க்கலாம். முதல்ல முல்ஷி ஏரியை ஒட்டியே ரோடு போகும், அப்புறம் மலை இறங்கும், கீழ அதே தண்ணி ஆறா வந்து நிக்கும். அந்த ஏரி சும்மா வரலை. நிலத்தையும் வீட்டையும் இழந்த விவசாயிகள் 1921-ல இருந்து 1924 வரைக்கும் சேனாபதி பாபட் தலைமையில அணையை எதிர்த்துச் சத்தியாகிரகம் பண்ணாங்க. அணை வந்துருச்சு. ஊர்கள் தண்ணிக்குள்ள போயிருச்சு. ராஃப்டிங் விளம்பரத்துல இதை எல்லாம் போட மாட்டாங்க, நாமளாவது தெரிஞ்சு வச்சிக்கலாம்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கணுமே? அப்படியே திருப்பிப் போட்டா பெரியாறு. மேற்க ஓடி அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணியை 1895-ல பென்னிகுயிக் கட்டின அணை கிழக்கப் பக்கம் திருப்பிவிட்டுச்சு. அதுவும் மலையைக் குடைஞ்சு வந்து, குழாயில இறங்கி, லோயர் கேம்ப்ல கரன்ட் எடுத்துக் கொடுத்துட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருது. அப்புறம் வைகை அணை, அப்புறம் நம்ம நிலக்கோட்டை தாலுகா பேரணை, அங்க இருந்து பெரியாறு பிரதானக் கால்வாய். ஆக நமக்கும் கிடைக்கிறது திருப்பிவிட்ட தண்ணிதான், யாரோ ஷட்டரைத் திறந்தா வர்ற தண்ணிதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

சரி, ராஃப்டுக்கு வருவோம். ராஃப்ட்ங்கிறது படகு இல்லை, காத்தடிச்ச ஒரு பெரிய ரப்பர் தொட்டி. ஓரத்துலயும் குறுக்கயும் காத்து உருளைகள், ஒவ்வொண்ணும் தனித்தனி அறை. ஒண்ணு கிழிஞ்சாலும் மத்தது மிதக்க வைக்கும். தரைப்பகுதியில வரிசையா ஓட்டை இருக்கும். உள்ள வந்த தண்ணி அது வழியா தானா வெளியேறிடும். உட்கார்றது உள்ள இல்லை, ஓர உருளை மேல. காலைக் குறுக்கு உருளைக்கு அடியில சொருகிக்கணும். பிடிமானம் அது ஒண்ணுதான். பின்னாடி கைடு. எங்களுக்கு வந்தவர் நேபாளத்துக்காரர், வயசு நாப்பதுக்கு மேல இருக்கும். எல்லாரும் அவரை "பையா, பையா"ன்னு கூப்பிட்டோம்.

தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் அவர் பேசினார். கூட வந்தவங்கள்ல பாதிப்பேர் அப்பதான் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. என்னைக் கேட்டா, கொடுத்த காசுல பாதி அந்த அரைமணி நேரத்துக்குத்தான். ராஃப்டிங்ல அதைத் தவிர மத்தது எல்லாம் யூடியூப்ல இருக்கு.

அவர் சொன்னதுல சிலது: லைஃப் ஜாக்கெட்டை மூச்சு கொஞ்சம் இறுகுற அளவுக்குக் கட்டணும். கட்டினதும் இன்னொருத்தர் தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கிப் பார்க்கணும். காதுவரைக்கும் ஏறினா அது ஜாக்கெட் இல்லை, சட்டை. துடுப்போட மேல்முனையை, அந்த டி மாதிரி இருக்கிற பிடியை, எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. விட்டா பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் பல்லு போயிரும். கயிறு எறிஞ்சா கயித்தைப் பிடிக்கணும், கையில சுத்திக்கக் கூடாது. அப்புறம் முக்கியமானது: விழுந்தா நீந்தாதே. மல்லாந்து படு. காலை ஆறு போற பக்கம் நீட்டு. கால் கட்டைவிரல் தண்ணிக்கு மேல உன் கண்ணுக்குத் தெரியணும். எந்திரிச்சு நிக்க முயற்சியே பண்ணாதே.

இந்தக் கடைசி விஷயத்துலதான் எங்க கூட வந்த ஒரு நண்பனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒட்டன்சத்திரம் பக்கம். அவங்க தோட்டத்துல அறுபது அடிக் கிணறு, ஏழு வயசுல அவங்க மாமா முதுகுல பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கிவிட்டவர். மோட்டார் ரூம் மேல ஏறிக் குட்டிக்கரணம் போட்டுக் குதிக்கிற ஆளு. "மாப்ள, நம்மகிட்டயே நீந்தாதேங்கிறாரு பாருடா"ன்னான்.

நம்ம சமவெளியில நீச்சல் தெரிஞ்சவங்க எல்லாருமே கிட்டத்தட்ட கிணத்துல படிச்சவங்கதான். அதுவும் போர் போட்டுப் போட்டுக் கிணறு எல்லாம் வத்தினதுக்கு அப்புறம், எங்களுக்கு அடுத்த செட்டுக்கு அந்தப் பாடமும் இல்லை. கிணத்துப் படிப்பு நல்ல படிப்புதான். பயத்தைப் போக்கும், மூச்சைப் பழக்கும். ஆனா கிணறு சொல்லிக்கொடுக்கிறது ஒரே ஒரு திசையை: மேல. மேல வந்துட்டா முடிஞ்சுது. சுவரு எங்கயும் போகாது, படிக்கல்லு இருந்த இடத்துலயே இருக்கும், பத்து கை போட்டா பிடிச்சிரலாம். ஆத்துல மேல வர்றது பாதி வேலைதான். மேல வந்ததுக்கு அப்புறமும் நீங்க பக்கவாட்டுல போய்க்கிட்டேதான் இருக்கீங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒலிம்பிக்ல 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஜெயிக்கிறவர் 21 விநாடி சொச்சத்துல முடிக்கிறார். மணிக்கு எட்டரை கிலோமீட்டர். உலகத்துலயே வேகமான மனுஷன், அதுவும் அரை நிமிஷம்கூட இல்லை. நம்மள மாதிரி ஆளு அதுல பாதி வந்தாலே பெரிசு. ஆறு மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்துல ஓடினா, எதிர்த்து நீந்துறதுங்கிற பேச்சே கிடையாது. அடுத்தது விசை. தண்ணி வேகம் ரெண்டு மடங்கானா உங்க கால்மேல அது தள்ளுற விசை நாலு மடங்கு. வேகம் மூணு மடங்கானா விசை ஒன்பது மடங்கு. ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன். முழங்கால் தண்ணிதானேன்னு நிக்கும்போது மோதுறது முழங்கால் உயரத் தண்ணி இல்லை, வரிசையா வந்துக்கிட்டே இருக்கிற டன் கணக்குத் தண்ணி.

எந்திரிச்சு நிக்கக் கூடாதுன்னு சொன்னதுக்குக் காரணமும் இதுதான். அடியில பாறை இடுக்கு இருக்கும். நிக்கலாம்னு காலை ஊனினா பாதம் இடுக்குல மாட்டும். பின்னாடி இருந்து ஆறு முதுகைத் தள்ளும். ஆள் முன்னாடி மடங்கி விழுவார், தலை தண்ணிக்குள்ள போயிரும், காலை எடுக்க முடியாது. இடுப்பளவு தண்ணியிலயே ஆள் செத்துப்போறது இப்படித்தான். எவ்வளவு நல்லா நீந்தத் தெரியும்ங்கிறதுக்கு அங்க வேலையே இல்லை.

இன்னொண்ணு, ஒயிட் வாட்டர்னு பேர் வந்ததே நுரையாலதான். தண்ணியில காத்து கலந்தா வெள்ளையாத் தெரியுது. காத்து கலந்த தண்ணிக்கு அடர்த்தி கம்மி, நம்ம உடம்பை மிதக்க வைக்கிற சக்தியும் கம்மி. கையை வீசினாலும் பிடி கிடைக்காது. கிணத்துத் தண்ணி நம்பகமானது, தூக்கிவிடும். நுரைத் தண்ணி அப்படித் தூக்காது.

நண்பன் விழுந்தான். மூணாவதோ நாலாவதோ ராப்பிட். பெரிய அலைகூட இல்லை. முன்பக்கம் ஒரு பாறையை உரசி ராஃப்ட் சட்டுனு திரும்பினதுல, சொருகியிருந்த கால் நழுவிருச்சு. மேல வந்ததும் அவன் பண்ணினது ஏழு வயசுல இருந்து பண்ணினதுதான்: குப்புறத் திரும்பி, தலையைத் தூக்கி, ராஃப்டைப் பார்த்துக் கை போட ஆரம்பிச்சான். எதிர்நீச்சல். ராஃப்டுக்கும் அவனுக்கும் நடுவுல மூணு மீட்டர் இருக்கும். அந்த மூணு மீட்டர் குறையவே இல்லை. பத்துப் பதினஞ்சு விநாடியில முகம் மாறிருச்சு. கைடு துடுப்பால தண்ணியில ஒரு அடி அடிச்சு, "பேர் ஊப்பர்! பேர் ஊப்பர்!"னு கத்தினார். காலைத் தூக்கு. நாங்க தமிழ்ல கத்தினோம். "டேய், மல்லாக்கப் படுடா!" படுத்தான். படுத்த உடனே ஜாக்கெட் அவனைத் தூக்கிருச்சு, கால் முன்னாடி ஒரு பாறையில பட்டுத் தள்ளி விலகினான், அடுத்த வளைவுல தண்ணி தானாவே அவனை ஒரு ஓரத்துல கொண்டுபோய் விட்டுச்சு. கைடு ஜாக்கெட் தோள்பட்டையைப் பிடிச்சு உள்ள இழுத்தார். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்காது. அடுத்த அரைமணி நேரம் அவன் வாயைத் திறக்கலை. அவன் சம்மதத்தோடதான் இதைச் சொல்றேன், பேரைச் சொல்லாதேன்னு மட்டும் கண்டிஷன்.

அந்த ஓரத்துல கொண்டுபோய் விட்டுச்சுன்னேன்ல, அது தற்செயல் இல்லை. பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி மேல்நோக்கி ஓடும். இங்கிலீஷ்ல எடிங்கிறாங்க. ராஃப்ட் ஓட்டுறவங்க வண்டியை ஓரங்கட்டி நிறுத்துற மாதிரி அதுக்குள்ள போய் நிப்பாட்டுவாங்க. ஆத்தங்கரைக்காரங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. சுழி, மடு, கசம், இழுப்புன்னு நம்மகிட்ட எத்தனை வார்த்தை இருக்கு. "அந்தப் பக்கம் போகாத, கசம் இருக்கு"ன்னு தேனிப் பக்கத்துப் பாட்டி சொன்னா அது ஆத்தைப் படிச்சுச் சொல்றது. கைடு பண்றதும் அதேதான், கொஞ்சம் வேகமா.

ராப்பிட்டுக்கு ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் கிரேடு உண்டு. குண்டலிகா ரெண்டு – மூணு. ரிஷிகேஷ்ல கங்கையில நாலு வரைக்கும் கிடைக்கும். ஆறுங்கிறது கிட்டத்தட்ட போகவே முடியாதது. ஆனா இந்த கிரேடுல வராத ஒண்ணு நம்ம ஊர்ல இருக்கு. பார்த்தா பயமே வராது. தடுப்பணை.

மழை பெஞ்சு தடுப்பணை நிரம்பி வழிஞ்சா அன்னைக்குத் திருவிழாதான். குடும்பத்தோட போய் நிப்போம். தண்ணி வரிசையா, நேரா, அழகா விழும். அடியில என்ன நடக்குதுன்னா, விழுற தண்ணி தரையில மோதி, மேல வந்து, திரும்ப அணைச் சுவரை நோக்கியே உருளுது. அதுக்குள்ள மாட்டினவரைச் சுவருக்கு இழுக்கும், விழுற தண்ணி அமுக்கும், மேல விடும், மறுபடி இழுக்கும். இயற்கையான ராப்பிட்ல எங்கயாவது ஒரு பக்கம் வழி இருக்கும், அணையில இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே நேர்க்கோடு, தப்பிக்க ஓரமே கிடையாது. வெளிநாட்டு மீட்புப் படைக்காரங்க இதுக்கு மூழ்கடிக்கும் மெஷின்னு பேர் வச்சிருக்காங்க. ராஃப்டிங் கைடு கிரேடு நாலுல சிரிச்சுக்கிட்டுப் போவார், இந்த மாதிரி தடுப்பணையைப் பார்த்தா ராஃப்டைக் கரையேத்தித் தோள்ல தூக்கிட்டு நடப்பார்.

அடுத்தது ஷட்டர். ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே. குண்டலிகாவுல எப்ப தண்ணி வரும்னு ராஃப்ட் காரங்களுக்குத் தெரியும், அதுக்குத் தகுந்தாப்ல எல்லாரும் நேரத்தை வச்சுக்கிறாங்க. வைகையிலயும் ஏற்பாடு இருக்கு. அணையோட மொத்த உயரம் 71 அடி. 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-க்கு ரெண்டாவது, 69-க்கு மூணாவது. திண்டுக்கல் உட்பட அஞ்சு மாவட்டத்துக்கு அறிவிப்பு போகும். டிவியில ஸ்க்ரோல் ஓடும். நம்ம ஆளுங்க அதைப் பார்த்துட்டு, "வாடா, அணைப்பட்டில தண்ணி வருதாம், பார்த்துட்டு வருவோம்"னு பைக்கை எடுப்பாங்க. எச்சரிக்கையை அழைப்பிதழாப் படிக்கிற ஊரு நம்ம ஊரு. அதுல ஒரு நியாயமும் இருக்கு, வருஷம் முழுக்க மணலைப் பார்த்த கண்ணு. நான் போகாதீங்கன்னு சொல்லலை. பாலத்துல நின்னு பாருங்க.

யாராவது விழுந்துட்டா? நம்ம பேப்பர்ல அடிக்கடி வர்ற செய்தி, காப்பாத்தக் குதிச்சவரும் சேர்ந்து போயிட்டாருங்கிறது. மீட்புப் பயிற்சியில ஒரு வரிசை சொல்லிக்கொடுக்கிறாங்க: முதல்ல கரையில நின்னே எட்டிக் கொடு. கம்போ, வேட்டியோ, துப்பட்டாவோ. எட்டலைன்னா எறி. அதுவும் முடியலைன்னா படகு, பரிசல். தண்ணியில குதிக்கிறது எல்லாத்துக்கும் கடைசி, அதுவும் பயிற்சி எடுத்தவருக்கு. எறியறதுக்குப் பெரிய சாமான் தேவையில்லை. அஞ்சு லிட்டர் கேன், எடைக்காக உள்ள கொஞ்சமே கொஞ்சம் தண்ணி, மூடி இறுக்கமா, கைப்பிடியில பதினஞ்சு இருபது மீட்டர் நைலான் கயிறு. என் நண்பன் முதுகுல கட்டின அதே கேன்தான்.

போன வாரம் இந்த எபிசோட் வருதுன்னு சொன்னதும் ரெண்டு கேள்வி வந்துச்சு. நீச்சல் தெரியாதவங்க ராஃப்டிங் போகலாமா? கிரேடு மூணு வரைக்கும் போகலாம். ஜாக்கெட், ஹெல்மெட், நல்ல கைடு இருக்கணும். நீச்சல் தெரியாதுன்னு முதல்லயே அவர்கிட்ட சொல்லிரணும், உங்களை எங்க உட்கார வைக்கிறதுன்னு அவர் பார்த்துக்குவார். பெரும்பாலான இடத்துல 14 வயசுக்கு மேலதான் ஏத்துவாங்க. குடிச்சுட்டுப் போகாதீங்க. ஜாக்கெட்டுல கொக்கி உடைஞ்சிருந்தா வேற கேளுங்க, கூச்சப்படாதீங்க.

ரெண்டாவது, திண்டுக்கல்ல இருந்து பக்கம் எது? குடகுல பாரபோல் ஆறு, அது முழுக்க மழைத் தண்ணி, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான். தாண்டேலியில காளி ஆறு, அது சூபா அணையில தண்ணி விட்டாத்தான். அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு, "நாளைக்குத் தண்ணி விடுறாங்களா?"ன்னு கேட்டுட்டு பஸ் ஏறுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.